கோழிப் பேனும் கோழி உண்ணியும்

அடை வைத்த கோழி பாதியிலேயே முட்டைகளை விட்டு எழுந்துவிட்டால், கண் பட்டுவிட்டது என்று சொல்லுவோர் உண்டு. அதற்கு முன் கோழியைத் தூக்கி, எச்சத் துவாரத்தைச் சுற்றியுள்ள இறகுகளை விலக்கிப் பாருங்கள். வைக்கோல் நிறத்தில் சிறு பூச்சிகள் ஓடினால் அவை பேன்கள். இறகின் அடியில் கொத்தாக ஒட்டியிருப்பவை அவற்றின் ஈர்கள்.

பேன் தன் வாழ்நாள் முழுவதையும் கோழியின் மேலேயே கழிக்கிறது. அதை எதிர்க்கும் கருவிகளும் கோழியிடமே உள்ளன. மேல் அலகின் நுனி சற்று நீண்டு வளைந்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். இறகு கோதும்போது பேனை நசுக்க உதவுவது அந்நுனிதான். 2005இல் வெளியான ஓர் ஆய்வில், புறாக்களின் அலகில் இந்நுனியை மட்டும் நீக்கியபோது பேன்கள் பெருகின. அலகு வெட்டிய கோழிகளிலும் பேன் கூடுதலாகக் காணப்படுகிறது. ஆகவே புறக்கடைக் கோழிகளுக்கு அலகு வெட்ட வேண்டாம்.

மற்றொன்று புழுதிக் குளியல். மழைக்காலத்தில் இதற்கு இடமிராது. கூரையடியில் ஓர் ஆழமற்ற குழி எடுத்து, உலர்ந்த மணலும் நன்கு ஆறிய, சலித்த அடுப்புச் சாம்பலும் கலந்து நிரப்பி வையுங்கள். அடைக்கோழி கூட்டை விட்டு அதிகம் எழாததால் அதற்குக் குளியல் குறைவு. பேன் பெருக்கம் அதிகம். பொரித்த குஞ்சுகளுக்கும் அது தாவும். அடை வைக்கும் முன்பே சோதித்துவிடுவது நன்று.

உண்ணியின் வழி வேறு. சாம்பல் நிறத் தட்டைப் பூச்சியான இது பகலில் சுவர் வெடிப்பிலும் மூங்கில் பிளவிலும் பதுங்கி, இரவில் கோழி உறங்கும்போது வந்து இரத்தம் குடித்துவிட்டுத் திரும்பிவிடும். கோழியின் அலகும் புழுதியும் இதனிடம் பலிப்பதில்லை. கொண்டை வெளுத்து, கோழி மெலியும்; ஸ்பைரோகீட்டோசிஸ் என்னும் காய்ச்சல் நோயும் பரவும். உணவின்றி ஓராண்டுக்கு மேலும் உயிர்வாழும் பூச்சி இது. கூட்டைச் சில மாதம் காலியாக விட்டால் ஒழியாது.

எனவே மருந்து கூட்டுக்குத்தான் முதலில் தேவை. கோழிகளை வெளியேற்றி, மரச் சந்துகளில் கொதிநீர் ஊற்றி, வெடிப்புகளைப் பூசி, சுண்ணாம்பு அடியுங்கள். உட்காரும் கழியைச் சுவரில் படாமல் நிறுத்தி, அதன் கால்களை எண்ணெய் ஊற்றிய தகரக் கிண்ணங்களில் வையுங்கள். உண்ணியின் இளம் பருவம் மட்டும் இறக்கைக்கு அடியில் 5 முதல் 10 நாள் ஒட்டியிருக்கும், அங்கும் பாருங்கள்.

பழைய பி.எச்.சி. தூளைத் தேட வேண்டாம். 1997இலேயே தடை செய்யப்பட்டது. கால்நடை மருத்துவர் தரும் பேன் மருந்தை இரு வாரம் கழித்து மறுமுறையும் இடுங்கள். ஈர்கள் முதல் மருந்துக்குச் சாவதில்லை. எத்தனை நாள் முட்டையை உண்ணக்கூடாது என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.