பழைய விளையாட்டும் புதிய இயங்குதளமும்

நுழையும்முன்

ஓலைச்சுவடியைப் படிக்கக் கண்ணும் எழுத்தறிவும் இருந்தால் போதும். நெகிழ்வட்டைப் படிக்க ஒரு கருவி வேண்டும். அக்கருவியைப் புரிந்துகொள்ளும் கணினி வேண்டும். அக்கணினியில் பழைய நிரலை ஏற்கும் இயங்குதளமும் வேண்டும். இவற்றுள் ஒன்று இல்லையென்றாலும் உள்ளே இருப்பது நமக்கு எட்டாது. இப்பாடம் அத்தகைய ஒரு முயற்சியைக் கூறுகிறது.

பாடம்

சென்ற கோடை விடுமுறையில் பெங்களூர் அல்சூரில் உள்ள எங்கள் வீட்டின் பரணைத் தூய்மை செய்தபோது ஒரு தகரப் பெட்டி கிடைத்தது. அதனுள் ஆறு நெகிழ்வட்டுகளும் பூச்சி அரித்த ஒரு கையேடும் இருந்தன. நெகிழ்வட்டை உங்களுள் பலர் பார்த்திருக்கமாட்டீர்கள். உள்ளங்கை அளவுள்ள சதுரமான நெகிழி உறை. அதனுள் காந்தப் பூச்சுடைய மெல்லிய வட்டத் தகடு. அது கொள்ளும் அளவு 1.44 மெகாபைட். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு நிழற்படத்தைக்கூடப் பெரும்பாலும் அதில் அடக்க இயலாது.

ஒன்பதாம் வகுப்பில் பயிலும் என் தமக்கையின் மகன் ஒரு வட்டை எடுத்து, அதன்மேல் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தான். 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா' என்று மறைந்த என் தந்தையாரின் கையெழுத்தில் இருந்தது.

"தாத்தா இதை விளையாடினாரா, மாமா?"

"விளையாடினார். அலுவலகக் கணக்குப் பார்ப்பதாகப் பாட்டியிடம் சொல்லிவிட்டு விளையாடினார்."

அருகில் இருந்த என் தாயாருக்கு விளையாட்டில் நாட்டமில்லை. அவர் வேறொரு வட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன் சீட்டில் 'மொய்க்கணக்கு 2001' என்று எழுதியிருந்தது. அஃது என் தமக்கையின் திருமணத்தில் உறவினர் செய்த மொய்யின் கணக்கு. எழுதிய நோட்டு வீடு மாறியபோது தொலைந்துவிட்டது. கோலார் தங்கவயலிலிருந்து ஓர் உறவினர் தம் பேத்தியின் திருமண அழைப்பை அந்த வாரம்தான் கொடுத்துச் சென்றிருந்தார். அவர் அன்று எவ்வளவு செய்தார் என்பது தெரியாமல் நாம் எவ்வளவு செய்வது? மொய்யில் குறைத்துச் செய்வது எங்கள் குடும்பத்தில் எளிதில் மறக்கப்படும் பிழையன்று.

ஆகவே நாங்கள் இருவரும் நகரின் மின்னணுப் பொருள் அங்காடியாகிய எஸ்.பி. சாலைக்குச் சென்றோம். மூன்று கடைகளில் சிரித்தார்கள். நான்காம் கடையில் யூ.எஸ்.பி. துளையில் செருகும் நெகிழ்வட்டு இயக்கி ஒன்று கிடைத்தது. ஆறு வட்டுகளுள் இரண்டைக் கணினியால் படிக்க இயலவில்லை. காந்தப் பூச்சு நாளடைவில் வலுவிழக்கும். ஈரத்தில் பூஞ்சையும் பிடிக்கும். எனவே படிக்க முடிந்த வட்டுகளில் இருந்தவற்றை முதலில் படியெடுத்துக்கொண்டோம். வேறு எதைச் செய்வதற்கும் முன்னர்ச் செய்யவேண்டியது இதுவே. பழைய வட்டு மீண்டும் ஒரு முறை சுழலும் என்பதற்கு உறுதியில்லை.

பின்னர் விளையாட்டின் கோப்பைச் சொடுக்கினான். இந்தச் செயலி உங்கள் கணினியில் இயங்காது என்னும் பொருள்பட ஓர் அறிவிப்புத் தோன்றியது. "வட்டுக் கெட்டுவிட்டதா, மாமா?" என்றான். வட்டில் குறையில்லை, குறை இரு காலங்களுக்கு இடையில் இருந்தது.

அவ்விளையாட்டின் டாஸ் வடிவம் 1990-இல் வெளிவந்தது. அக்காலத்து டாஸ் இயங்குதளம் 1978-இல் இன்டெல் வெளியிட்ட 8086 என்னும் செயலகத்தின் வழிவந்த 16 பிட் முறையைப் பின்பற்றியது. பின்னர் 32 பிட் முறையும் அதன்பின் 64 பிட் முறையும் வந்தன. 32 பிட் விண்டோசில் பழைய 16 பிட் நிரல்களுக்கென ஒரு தனி அறையே ஒதுக்கப்பட்டிருந்தது எனலாம். 64 பிட் விண்டோசில் அவ்வறை இல்லை. 2021-இல் வந்த விண்டோஸ் 11 கணினிகளுக்கு 64 பிட் வடிவில் மட்டுமே கிடைக்கிறது. எனவே அதில் இத்தகைய நிரல் நேரடியாக இயங்க வழியே இல்லை.

இன்னொரு வேறுபாடும் உண்டு. டாஸ் காலத்து விளையாட்டுகள் ஒலி அட்டையோடும் திரையோடும் தாமே நேராகப் பேசின. இன்றைய இயங்குதளம் அதற்கு இசைவதில்லை. எந்த நிரலும் தன் வழியாகவே வன்பொருளை அணுக வேண்டும் என்கிறது. வீட்டுக்குள் நேரே அடுக்களை வரை சென்று பழகிய விருந்தினரை வாயிற்காவலர் நிறுத்துவதைப் போன்றது இது. ஒரு நிரலின் தவறு கணினி முழுவதையும் முடக்கிவிடாமல் காப்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. நம் இளவரசனுக்காக அதைத் தளர்த்த மாட்டார்கள்.

இதற்குத் தீர்வாக அமைந்தது 'டாஸ்பாக்ஸ்' என்னும் கட்டற்ற மென்பொருள். 2002-ஆம் ஆண்டு முதல் வழங்கிவரும் இது, புதிய கணினிக்குள் ஒரு பழைய கணினியைப் போலச் செய்துகாட்டுகிறது. அக்காலச் செயலகம், ஒலி அட்டை, திரை ஆகிய அனைத்தும் அங்கே மென்பொருளாகவே உள்ளன. விளையாட்டுக்குத் தான் ஏமாற்றப்படுவது தெரியாது.

தமிழ் இலக்கணம் படிக்கும் நமக்கு இக்கருத்துப் புதிதன்று. மஞ்சு என்பது மைஞ்சு எனவும், அமச்சு என்பது அமைச்சு எனவும், பந்தல் என்பது பந்தர் எனவும் வரும்போது எழுத்து மாறினும் பொருள் மாறுவதில்லை. இதனைப் போலி என்கிறோம். டாஸ்பாக்சும் ஒருவகைப் போலிதான். வன்பொருளின் இடத்தில் மென்பொருள் வந்து நிற்கிறது, பயன் மாறுவதில்லை. வழக்கில் 'போலி' என்னும் சொல் ஏமாற்றுப் பொருளைக் குறிக்கத் தொடங்கிவிட்டதால் இதற்கு அப்பெயர் சூட்டக் கலைச்சொல் அறிஞர்கள் தயங்கக்கூடும். எனக்கு அத்தயக்கம் இல்லை.

டாஸ்பாக்சைத் திறந்ததும் ஒரு கரிய சாளரம் தோன்றும். அதற்கு நம் கணினியின் கோப்புறைகள் எவையும் தெரியா. விளையாட்டு உள்ள கோப்புறையைக் காட்டி, 'இதுவே உன் சி வட்டு' என்று நாம் அறிவிக்க வேண்டும். அதற்குரிய கட்டளை 'மவுன்ட்' என்பது. பின்னர் அவ்வட்டுக்குச் சென்று விளையாட்டின் பெயரைத் தட்டினால் போதும். வேகம் பொருந்தவில்லையெனில் கன்ட்ரோல் விசையுடன் எஃப்11 அழுத்திக் குறைக்கலாம்; எஃப்12 அழுத்திக் கூட்டலாம். பழைய விளையாட்டுகள் சிலவற்றில் கடிகாரத்தைப் பார்க்காமல், கணினி எத்தனை முறை எண்ணி முடிக்கிறது என்பதைக் கொண்டே காலத்தை அளந்தார்கள். 1981-இல் வந்த ஐ.பி.எம். கணினியின் வேகம் 4.77 மெகாஹெர்ட்சு. அதற்கென எழுதிய விளையாட்டைப் புதிய கணினியில் அப்படியே ஓடவிட்டால், கண் இமைப்பதற்குள் ஆட்டம் முடிந்துவிடும்.

இளவரசன் திரையில் ஓடினான். என் மருமகன் வியந்தது அவன் ஓடிய முறையைக் கண்டுதான், "உண்மையான ஆள் ஓடுவதுபோல் இருக்கிறதே!" என்றான். உண்மையான ஆள் ஓடியதுதான். இவ்விளையாட்டைப் படைத்த ஜோர்டன் மெக்னர் என்னும் அமெரிக்கர், தம் தம்பியை ஓடவும் தாவவும் செய்து படம்பிடித்து, அதைப் பார்த்து ஒவ்வோர் அசைவையும் வரைந்தார். முதலில் ஆப்பிள் 2 கணினிக்காக 1989-இல் இது வெளிவந்தது. அதன் மூல நிரல் நெடுங்காலம் தொலைந்துபோனதாகவே கருதப்பட்டது. 2012-இல் மெக்னரின் தந்தையார் தம் வீட்டில் ஒரு பெட்டி நெகிழ்வட்டுகளைக் கண்டெடுத்து மகனுக்கு அனுப்பினார். பழைய கணினிகளில் தேர்ந்தவர்கள் கூடி அவற்றைப் படித்தெடுக்க, மெக்னர் அந்நிரலை எல்லாரும் காண வெளியிட்டார். புகழ்பெற்ற ஒரு படைப்பின் நிலையே இதுவெனில், மற்றவை என்னவாகியிருக்கும்!

முதல் நிலை முடிந்ததும் ஓர் இடையூறு. ஓர் அறையில் மருந்துக் குப்பிகள் வரிசையாக இருந்தன; ஒவ்வொன்றின்மேலும் ஓர் ஆங்கில எழுத்து. கையேட்டின் குறிப்பிட்ட பக்கத்தில், குறிப்பிட்ட வரியில், குறிப்பிட்ட சொல்லின் முதலெழுத்து எது? அக்குப்பியைத்தான் பருக வேண்டும். திருட்டுப் படி எடுத்தவரிடம் கையேடு இராது என்பது அக்காலத்தார் கணக்கு. எங்களிடம் கையேடு இருந்தது. ஆனால் பாதிப் பக்கங்களைப் பூச்சி உண்டுவிட்டது. பூச்சி விட்டுவைத்த பக்கத்திலிருந்து வினா வரும்வரை நாங்கள் திரும்பத் திரும்பத் தொடங்கினோம்.

இத்தகைய பூட்டுகள் பின்னாளில் குறுந்தகடுகளுக்கும் வந்தன. 'சேஃப்டிஸ்க்' என்னும் பூட்டு இயங்குதளத்தின் ஆழத்தில் ஓர் இயக்கியைக் கொண்டு செயல்பட்டது. அது பாதுகாப்புக்கு ஊறு என்று கருதி, 2015-இல் வந்த விண்டோஸ் 10-இல் மைக்ரோசாஃப்ட் அதற்கு இடமளிக்கவில்லை. விலை கொடுத்து வாங்கியவரின் தகடும் அன்றோடு திறவாத பெட்டியாயிற்று. பூட்டியவர் போன பின்னும் பூட்டு மட்டும் நிற்பது எனக்கு நியாயமாகத் தோன்றவில்லை. எனினும், பழைய விளையாட்டு என்பதால் உரிமையற்ற படிகளை எடுத்துக்கொள்ளலாம் என எண்ணாதீர்கள். 1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி கணினி நிரலும் இலக்கியப் படைப்பாகக் கொள்ளப்படுகிறது. முறையாகப் பெற்றவர், அழிவிலிருந்து காக்கத் தம் பயனுக்குப் படியெடுத்து வைக்கலாம். அதற்கு அச்சட்டமே இடம் தருகிறது.

இனி, மொய்க்கணக்கு. அக்கோப்புத் தடையின்றித் திறந்தது; ஆனால் படிக்க இயலவில்லை. ஐரோப்பிய எழுத்துகளும் குறியீடுகளும் கலந்து கிடந்தன. வியப்பு என்னவெனில், எண்கள் மட்டும் தெளிவாக இருந்தன. 101, 251, 501, 1001 எனத் தொகைகள் வரிசையாக நின்றன. கொடுத்தவர் யாரெனத் தெரியவில்லை. என் தாயார், "பணம் தெரிகிறது, மனிதர் தெரியவில்லை" என்றார்.

காரணம் இது. தந்தையார் 'திஸ்கி' என்னும் குறியேற்றத்தில் தட்டச்சு செய்திருந்தார். அதில் ஆங்கில எழுத்துகளும் எண்களும் எங்கும் வழங்கும் பொது இடங்களில் இருந்தன; எஞ்சிய 128 இடங்களில் தமிழ் எழுத்துகளை அமைத்திருந்தார்கள். அவ்வெழுத்துரு இல்லாத கணினி, அவ்விடங்களில் ஐரோப்பிய எழுத்துகளைக் காட்டியது. அக்காலத்தில் திஸ்கி மட்டுமன்று, 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டை ஒட்டி வந்த தாம், தாப் முதலிய குறியேற்றங்களும் வழங்கின. 2010-இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியை ஏற்றது. இன்று நம் கணினிகள் அறிவது அதனையே.

எழுத்துமாற்றி ஒன்றின் துணையால் கோப்பை ஒருங்குறிக்கு மாற்றினோம். இது வெறும் எழுத்துக்கு எழுத்து மாற்றமன்று. 'கொ' என்பதைத் திஸ்கி நாம் கையால் எழுதும் வரிசையிலேயே வைக்கும்: முதலில் கொம்பு, பின்னர்க் ககரம், அதன்பின் கால். ஒருங்குறியோ ஒலிக்கும் வரிசையில், ககரத்தை முன்னும் ஒகரக் குறியைப் பின்னும் வைக்கும். எனவே 'கோலார்' என்னும் சொல் தோன்ற, மாற்றி அதன் உறுப்புகளை இடம் மாற்றி அடுக்க வேண்டியிருந்தது.

தோன்றியது. தங்கவயல் உறவினரின் பெயருக்கு நேரே 501 என்று இருந்தது. என் தாயார் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. தங்கச் சுரங்கம் 2001 பிப்ரவரி இறுதியில் மூடப்பட்டது. திருமணம் அவ்வாண்டு வைகாசியில். "வேலை போன மூன்றாம் மாதம் செய்திருக்கிறார்" என்றார். பிறகு மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "அடுத்த பெயரைப் படி" என்றார்.

சொல்லும் பொருளும்

இயங்குதளம் – கணினியின் உறுப்புகளையும் நிரல்களையும் ஆளும் அடிப்படை மென்பொருள்
குறியேற்றம் – எழுத்துகளுக்கு எண்களை ஒதுக்கும் முறை
நாட்டம் – விருப்பம்
ஊறு – தீங்கு

விடை எழுதுக

1. படிக்க முடிந்த நெகிழ்வட்டுகளை முதலில் படியெடுத்தது ஏன்?
2. மொய்க்கணக்கில் எண்கள் மட்டும் தெளிவாகத் தெரிந்ததன் காரணம் யாது?
3. முதற்போலி, இடைப்போலி, கடைப்போலி ஆகியவற்றுக்குப் பாடத்தில் வந்துள்ள எடுத்துக்காட்டுகளை வகைப்படுத்துக.
4. உங்கள் வீட்டில் இன்று திறக்க இயலாத பழைய வட்டோ, ஒலிநாடாவோ, கோப்போ உண்டா? பெரியோரிடம் கேட்டு, அதில் என்ன உள்ளது என்பதைப் பத்து வரிகளில் எழுதுக.