குளிரா, வெப்ப இழப்பா?

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் கிரேட் பேசின் தேசியப் பூங்கா இருக்கிறது. அங்கே வீலர் சிகரத்தின் சரிவில், கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 3,000 மீட்டர் உயரத்தில், கூடாரம் அடித்துத் தங்க ஓர் இடம் உண்டு. மின்சாரமோ அறைகளோ கிடையாது. கோடையில் பகல் வெயில் இதமாகவே இருக்கும். இரவிலோ வெப்பநிலை உறைநிலையை நெருங்கிவிடக் கூடும்.

காரணம் என்ன? பகலில் சூடேறிய தரை, இரவு முழுவதும் அகச்சிவப்புக் கதிர்களாக வெப்பத்தை வெளியிடுகிறது. காற்றிலுள்ள நீராவி அக்கதிர்களில் பெரும்பகுதியை உறிஞ்சித் தரைக்கே திருப்பி அனுப்பும். பசிபிக் கடலின் ஈரத்தைச் சியரா நெவாடா மலைத்தொடர் தடுத்துவிடுவதால், கிரேட் பேசின் வறண்ட பகுதி. அந்த உயரத்தில் காற்றழுத்தமும் கடல் மட்டத்தில் உள்ளதில் சுமார் 70 சதவீதமே. எனவே வெப்பம் தடையின்றி வான்வெளிக்குப் போய்விடுகிறது. பால்வெளி மண்டலம் அங்கே பளிச்சென்று தெரிவதற்கும் இதே வறண்ட, தெளிந்த காற்று துணை செய்கிறது!

இப்போது நீங்கள் அங்கே படுத்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பஞ்சு அடைத்த உறக்கப் பைக்குள் புகுந்துகொண்டீர்கள். பை சூடு தருவதில்லை. சூடு தருவது உங்கள் உடல்தான். பஞ்சின் இடையே அசையாமல் நிற்கும் காற்று, அரிதிற் கடத்தியாகி அந்த வெப்பத்தைக் காக்கிறது. ஆனால் முதுகின் கீழே? உடல் எடையால் பஞ்சு நசுங்கி, காற்று வெளியேறிவிடும். வெப்பம் கடத்தல் முறையில் நேரே மண்ணுக்குள் இறங்கும். மேலே இரண்டு கம்பளி போர்த்தியும் நடுங்குபவர்கள் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள். அடியில் எளிதில் நசுங்காத நுரைப் பாய் ஒன்று கட்டாயம் வேண்டும்.

ஈர உடையோடும் படுக்கக் கூடாது. நீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு எளிதாக வெப்பத்தைக் கடத்தும்.

இது வெறும் சௌகரியப் பிரச்சினை அன்று. உடலின் உள் வெப்பநிலை 37 டிகிரி செல்சியசிலிருந்து 35-க்குக் கீழே இறங்கினால் ஆபத்து. பேச்சு குழறும், சிந்தனை மந்தமாகும். அதனால் பாதிக்கப்பட்டவருக்கே தம் நிலை தெரியாமல் போகலாம். உடனிருப்பவர்தாம் கவனிக்க வேண்டும்.

கூடாரத் துணி எவ்வளவு மெல்லியதானாலும் வானுக்கும் உங்களுக்கும் இடையே ஒரு திரை. திறந்த வெளியில் நிறுத்திய சைக்கிள் இருக்கை விடியலில் பனியால் நனைந்திருக்கும். மரத்தடியில் நிறுத்தியது அவ்வளவு நனைவதில்லை. மரம் செய்யும் அதே வேலையைத்தான் துணியும் செய்கிறது. குளிர்ந்த காலைகளில் அத்துணியின் உட்புறத்தில் உறைபனி படிந்திருப்பதும் உண்டு. அது வெளியிலிருந்து வந்ததன்று. பெரும்பாலும் உள்ளே உறங்கியவர்களின் மூச்சிலிருந்த நீராவி.