சக்தி கூட்டப் போய்க் கெட்டுப்போன லாரி என்ஜினை வீட்டிலேயே சீர் செய்யும் முறை

காய்கறியும் பூவும் விடியுமுன் கோயம்பேடு சந்தைக்குப் போய்ச் சேரவேண்டும். லாரி ஒரு நாள் நின்றால் அன்றைய விளைச்சல் விலையிழந்துவிடும். இதை அறிந்தும் சிலர், பாரம் கூடுதலாக ஏற்றும் ஆசையில், டீசல் பம்பின் சீலை உடைத்து ஸ்குரூவைத் திருகி டீசலைக் கூட்டிவிடுகின்றனர். வேறு சிலர் சென்னை புதுப்பேட்டையில் பழைய டர்போ வாங்கி மாட்டுகின்றனர். பிறகு கரும்புகையும் சூடும் கண்டு என்ஜின் படுத்துவிடுகிறது. இதில் எதை வீட்டிலேயே செய்யலாம், எதை வெளியே கொடுக்கவேண்டும் என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. இங்கே கூறப்படுவது பழைய முறைப் பம்பு உள்ள என்ஜின்களுக்கு மட்டுமே பொருந்தும். கணினி மூலம் இயங்கும் புதிய என்ஜின்களை வீட்டில் பிரிக்கக் கூடாது.

கெடுவது ஏன்?

ஒரு கிலோ டீசல் முழுவதும் எரியச் சுமார் 14.5 கிலோ காற்று தேவை. புகையின்றி எரிய இதைவிடக் கூடுதலாகவே வேண்டும். டீசலை மட்டும் கூட்டினால் காற்று போதாமல் எஞ்சிய டீசல் கரியாகிறது. சூடு ஏறி பிஸ்டன் தலை உருகும்; ரிங் இறுகும்; எரியாத டீசல் சிலிண்டர் சுவரிலுள்ள ஆயிலைக் கழுவிவிடும். டர்போ மாட்டினால் காற்று கூடும். ஆனால் சிலிண்டருக்குள் அழுத்தமும் கூடுவதால், அதற்கென்று அமைக்கப்படாத ஹெட் கேஸ்கட்டும் பேரிங்கும் தாங்குவதில்லை.

மாற்றமே கூடாது என்பதல்ல. சென்னை அண்ணா சாலையிலுள்ள சிம்சன் நிறுவனத்தின் பெர்கின்ஸ் பி6 டீசல் என்ஜின்கள், 1950களில் பெட்ரோல் லாரிகளில் பழைய என்ஜினுக்குப் பதிலாகப் பொருத்தப்பட்டன. அங்கே மாற்றப்பட்டது முழு என்ஜின். ஒரு பாகத்தை மட்டும் கூட்டி மற்றவற்றை அப்படியே விடுவதுதான் கேடு.

பிரிக்குமுன் பார்க்கவேண்டியவை

கரும்புகை வந்தால் டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு. முதலில் ஏர் பில்டரைப் பார்க்கவும். நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது. ரிங் அல்லது வால்வு கைடு தேய்ந்திருக்கலாம். சூடேறிய பின்னும் வெண்புகை நின்றால் சிலிண்டருக்குள் தண்ணீர் இறங்கலாம். ஆயில் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துள்ளது. ஆயில் மட்டம் தானே உயர்ந்து டீசல் வாடை அடித்தால் டீசல் கலந்துள்ளது. இவ்விரு நிலையிலும் என்ஜினை ஓட்டவே கூடாது.

வீட்டில் செய்யக்கூடியவை

1. பாட்டரி இணைப்பைக் கழற்றவும். என்ஜின் ஆறிய பிறகே ரேடியேட்டர் மூடியைத் திறக்கவும்.

2. முதல் சிலிண்டரை அழுத்த நிலையின் உச்சிக்குக் கொண்டுவந்து, பம்பும் என்ஜினும் சேருமிடத்தில் ஒரே கோடாகக் குறியிட்ட பின் பம்பைக் கழற்றவும். திறந்த குழாய் வாய்களைச் சுத்தமான மூடியால் அடைக்கவும். ஒரு துளி மண்ணும் நாசிலைக் கெடுக்கும்.

3. டர்போ மாட்டியிருந்தால் முழுவதும் எடுத்துவிட்டுப் பழைய மேனிபோல்டைப் பொருத்தவும். டர்போவுக்கு ஆயில் போன வழியைத் திருகு மூடியால் இறுக்கமாக அடைக்கவும்.

4. ஹெட்டைக் கழற்றி, நேரான எஃகுச் சட்டத்தை அதன்மேல் வைத்து, இடைவெளியில் பில்லர் கேஜ் நுழைகிறதா என்று பார்க்கவும். கோணலோ வெடிப்போ இருந்தால் லேத்துக்கு அனுப்பவும்.

5. கேஸ்கட், ரிங், பேரிங், நாசிலுக்கு அடியிலுள்ள செம்பு வாஷர் ஆகியவற்றைப் புதிதாகவே போடவும். பழைய வாஷர்மேல் புதிய வாஷர் போடக்கூடாது.

6. ஹெட் போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறமாக, டார்க் ரெஞ்சால் படிப்படியாக இறுக்கவும். இறுக்க அளவும் டாப்பெட் இடைவெளியும் அந்த என்ஜினின் புத்தகத்தில் உள்ளபடியே இருக்கவேண்டும்.

7. பில்டரிலிருந்து தொடங்கி, கைப்பம்பை அடித்துக் குமிழி நிற்கும்வரை ஏர் எடுக்கவும். பிறகு பம்பிலும், கடைசியாக நாசில் குழாய்களிலும் எடுக்கவும்.

8. நிறுத்தும் லீவரை இழுத்துப் பிடித்தபடி, ஆயில் அழுத்தம் காட்டும்வரை என்ஜினைச் சுற்றவிட்டு, அதன்பின் ஸ்டார்ட் செய்யவும். முதலில் மெதுவாக ஓடவிட்டுக் கசிவு பார்க்கவும். சில நாட்கள் பாதிப் பாரமே ஏற்றவும்.

வெளியே கொடுக்கவேண்டியவை

பம்பையும் நாசிலையும் டீசல் பம்பு சோதனைக் கூடத்தில் கொடுத்து, தொழிற்சாலை அளவுக்கே திருப்பி வைத்துச் சீல் போடச் செய்யவேண்டும். கண்மதிப்பில் ஸ்குரூவைத் திருகினால் பழைய தவறே திரும்பும். போர் அடிப்பது லேத் வேலை. புதிய பாகங்கள் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் கிடைக்கும். புதுப்பேட்டையில் பழைய ஹெட் வாங்கினால், வெடிப்பு உள்ளதா என்று சோதித்த பின்னரே பொருத்தவேண்டும்.

எச்சரிக்கை

நாசில் பீச்சும் டீசலைக் கையால் தொட்டுப் பார்க்கக் கூடாது. அது தோலைத் துளைத்து உள்ளே போகும். காயம் சிறிதாகத் தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். தாமதித்தால் விரலையே இழக்க நேரும். என்ஜின் கட்டுமீறி ஓடினால், காற்று போகும் வாயைப் பலகையால் அடைத்து நிறுத்தவும். கையையோ துணியையோ வைக்கக் கூடாது.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த அமைப்பிலிருந்து வாகனத்தை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. எனவே என்ஜினையே மாற்ற நினைப்பவர்கள் முதலில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டு அனுமதி பெறவேண்டும்.

ஒரே நடையில் ஏற்ற முடியாத பாரத்தை இரண்டு நடையாக ஏற்றினால் செலவாவது கொஞ்சம் டீசல்தான். என்ஜின் படுத்தால் போவது ஒரு போகத்தின் லாபம்.