நகர இலகு ரயிலும் இணைப்புப் பாதையும்

நகரங்களில் ஓடும் மின்சார ரயில்களில் ஒரு வகைக்கு ‘இலகு ரயில்’ என்று பெயர். ‘இலகு’ என்னும் அடைமொழி வண்டியின் எடையைக் குறிப்பதன்று. மற்ற நகர ரயில்களைக் காட்டிலும் குறைவான பிரயாணிகளை ஏற்றிச் செல்வது என்பதே அதன் பொருள். இவ்வண்டிகள் பெரும்பாலும் மேலே கட்டப்பட்ட கம்பியிலிருந்து மின்சாரம் பெறுகின்றன. தனிப்பாதையிலும், சுரங்கத்திலும், டிராம் வண்டியைப் போலத் தெருவிலும் ஓடவல்லவை.

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் பழைய டிராம் வண்டிகள் 1963-இல் அடியோடு நிறுத்தப்பட்டன. 1990-இல் நகரின் மையத்திலிருந்து தெற்கே லாங் பீச் வரை சுமார் 35 கி.மீ. நீளமுள்ள இலகு ரயில் பாதை திறக்கப்பட்டது. 2003-இல் வடகிழக்கே பாஸடீனாவிற்கு மற்றொரு பாதை அமைந்தது. ஆயினும், நகரின் மையத்தில் இவ்விரண்டும் ஒன்றையொன்று தொடவில்லை. லாங் பீச்சிலிருந்து பாஸடீனா செல்பவர் முதல் வண்டியினின்று இறங்கி, சுரங்க ரயிலில் ஏறி, மீண்டும் இறங்கி மூன்றாவது வண்டியைப் பிடிக்க வேண்டியிருந்தது.

இதனால் நேரும் இழப்பை ஓர் எளிய கணக்கால் அறியலாம். பத்து நிமிஷத்திற்கு ஒரு வண்டி தவறாமல் வருவதாகக் கொள்வோம். முன்கூட்டி நேரம் பாராது வருபவர் சராசரியாக ஐந்து நிமிஷம் காத்திருப்பார். இருமுறை வண்டி மாறினால் பத்து நிமிஷம்; போகவும் வரவும் இருபது. ஆண்டில் 250 வேலை நாட்களுக்கு 5,000 நிமிஷம், அதாவது ஏறத்தாழ 83 மணி நேரம் வீணாகிறது. எட்டு மணி நேர வேலை நாட்களாகக் கணக்கிட்டால், இது பத்து நாட்களுக்கும் அதிகம். சொந்த வாகனமில்லாத தொழிலாளிக்கு இது சிறிய இழப்பன்று.

2023 ஜூனில் சுமார் 3 கி.மீ. நீளமுள்ள சுரங்க இணைப்பு திறக்கப்பட்டது. புதிய நிலையங்கள் மூன்றே. எனினும், லாங் பீச்சில் ஏறியவர் வண்டி மாறாமலே பாஸடீனாவில் இறங்க வழி பிறந்தது. கிழக்கு லாஸ் ஏஞ்சலஸுக்கும் மேற்கே கடலோரத்துச் சான்டா மோனிகாவிற்கும் இடையே அவ்வாறே நேர்வண்டி ஓடலாயிற்று. ஒரு பாதையின் பயனை அதன் நீளத்தால் மட்டும் அளத்தல் கூடாது என்பது இதனால் விளங்கும்.

இணைப்பினால் வரும் இடர் ஒன்றும் உண்டு. லாங் பீச் பாதை 2025 செப்டம்பரில் பொமோனா வரை நீண்டு, ஏறக்குறைய 92 கி.மீ. ஆயிற்று. மையத்திற்குத் தெற்கே, தெருமட்டத்திலேயே இரு பாதைகள் கூடும் சந்திப்பு ஒன்று உள்ளது. அங்கு ஒரு வண்டி தாமதித்தால், அத்தாமதம் வெகு தொலைவிலுள்ள நிலையங்களையும் சென்று தாக்கக்கூடும். ஆதலால், பாதைகளை இணைப்பதோடு தெருச் சந்திப்புகளில் ரயிலுக்கு முதலிடம் அளிப்பதும் இன்றியமையாதது.

பயிற்சி: தம் ஊரில் இருமுறை பஸ் மாறிச் செல்லும் வழி ஒன்றை மாணவர்கள் தேர்ந்தெடுத்து, ஒவ்வோர் இடத்திலும் காத்திருக்கும் நேரத்தை ஒரு வாரம் குறித்துவரச் செய்க. எந்த இரு நிறுத்தங்களை நேர்வழியால் இணைத்தால் மிகுதியான நேரம் மிஞ்சும் என்பதை அவர்களே கணக்கிட்டுக் கூறட்டும்.