கல்லாச் சாவியும் கடவுச்சொல்லும்

தகுதி இல்லாதவருக்கு அரசுப் பணம் போய்ச் சேர்ந்தால் அதற்கு யார் கணக்குச் சொல்வது? இந்தப் பாடத்துக்கு உதாரணம் தேடி நாம் வெளியூர் போக வேண்டியதில்லை.

2019 பிப்ரவரியில் பிரதமரின் கிசான் நிதித் திட்டம் தொடங்கப்பட்டது. சொந்த நிலமுள்ள விவசாயக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.6,000, மூன்று தவணைகளில் வங்கிக் கணக்கில் சேரும். பணம் மத்திய அரசுடையது. தகுதி பார்த்து ஒப்புதல் தரும் பொறுப்பு மாநில அரசுடையது.

2020 ஆகஸ்டில் தமிழகத்தில் புதிய பதிவுகள் திடீரெனப் பெருகின. விசாரித்ததில், வேளாண் துறையினரின் கடவுச்சொற்கள் வெளியாட்கள் கைக்குப் போனதும், கணினி மையங்கள், தரகர்கள் வழியாக நிலமற்றவர் பெயர்கள் பட்டியலில் ஏறியதும் தெரியவந்தன. கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் மாவட்டங்கள் இதில் பெரிதும் அடிபட்டன. வழக்கு சி.பி.சி.ஐ.டி.யிடம் சென்றது. அவ்வாண்டு செப்டம்பரில் வேளாண் துறைச் செயலாளர் ககன்தீப் சிங் பேடி கணக்கை வெளியிட்டார்: தகுதியற்றோர் சுமார் 5.5 லட்சம் பேர், தொகை ரூ.110 கோடி, அதுவரை மீட்டது ரூ.32 கோடி.

வகுத்துப் பாருங்கள். தலைக்கு ரூ.2,000, அதாவது ஒரு தவணை. சிறு தொகை என்பதால் தனித்தனியே பார்த்தபோது எவர் கண்ணிலும் உறுத்தவில்லை. கூட்டுத்தொகையைப் பார்த்த பிறகே குட்டு வெளிப்பட்டது.

இதில் நாம் அறிய வேண்டியவை மூன்று.

ஒன்று, பதிவு செய்பவரும் சரிபார்ப்பவரும் ஒருவராக இருக்கக் கூடாது. கல்லாச் சாவியைக் கண்டவரிடம் கொடுத்துவிட்டுப் பேரேட்டைப் புரட்டிப் பயனில்லை. கடவுச்சொல்லும் சாவிதான்.

இரண்டு, தவறாகப் போன தொகையை மறைக்காமல் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் ஒவ்வொரு துறையும் இத்தகைய தொகையை ஆண்டுதோறும் மதிப்பிட்டு அறிவிக்க 2002ல் சட்டமே வந்தது. நம் நாட்டில் அரசியலமைப்பின் 151ஆம் பிரிவுப்படி தணிக்கைத் தலைவரின் அறிக்கை சட்டமன்றத்தில் வைக்கப்படுகிறது. பொதுக் கணக்குக் குழு அதை ஆராய்கிறது. ஆயினும் தணிக்கை பின்னால் வருவது. அன்றாடச் சரிபார்ப்பே முன்னால் நிற்பது.

மூன்று, மீட்கும்போது அடி யாருக்கு விழுகிறது என்று பார்க்க வேண்டும். கொரோனா நிவாரணம் என்று நம்பி ஆதார் நகலைக் கொடுத்த கூலித் தொழிலாளிகளும் இதில் உண்டு. பணம் அவர்கள் கணக்கிலிருந்து திரும்பியது. தரகருக்குக் கொடுத்த கமிஷன் திரும்புமா?

கல்வராயன் மலையிலிருந்து கடுக்காயும் புளியும் கொண்டுவரும் விவசாயி, அரசுக் காகிதம் வந்தால் நம்மிடமே படிக்கச் சொல்கிறார். என்ன திட்டம், யாருக்கு உரியது என்று சொல்லிவிட்டுப் படிவம் நிரப்பித் தருவோம். நகல் கடை, கணினி மையம் நடத்தும் அன்பர்கள் பிறர் கடவுச்சொல்லைத் தொட வேண்டாம். சந்தேகம் எழுந்தால் 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி ரூ.10 கட்டணத்தில் மனுச் செய்யலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். கிராம சபையிலும் பயனாளிகள் பட்டியலைப் படிக்கச் சொல்லிக் கேட்கலாம். நாம் கட்டும் வரிக்குக் கணக்குக் கேட்பது நம் உரிமை.