அடிக்காமல் பழக்கலாம் நாய்க்குட்டியை



ஊராட்சி அளவிலான கூட்டமைப்புக் கூட்டம் ஒன்றில் ஆட்டுக் கடன் பற்றிப் பேச்சு வந்தது. செந்துறைப் பக்கத்து அக்கா ஒருவர் எழுந்து, "ஆடு வாங்க கடன் தர்றீங்க, சரி. தெருநாய் கடிச்சுப் போட்டுட்டுப் போனா தவணைய யாரு கட்டுறது?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்தவர், "காவலுக்கு ஒரு நாட்டு நாய்க்குட்டி வளர்க்கலாம்ல?" என்றார். "வளர்த்தேனே! அதுவே என் ஆட்டுக்குட்டிய விரட்டுது" என்றார் அக்கா. எல்லோரும் சிரித்துவிட்டோம். ஆனால் கடன் வாங்கிய ஆடு செத்தால் அது சிரிப்பு இல்லை. அதனால் இந்த மாதப் பாடம் நாய்க்குட்டியைப் பழக்குவது.

முதலில் ஒரு புதினமான செய்தி. வெளிநாடுகளில் நாய்களுக்குத் தடை தாண்டும் போட்டி நடக்கிறது. 1978-ல் லண்டனில் நடந்த கிரஃப்ட்ஸ் என்ற பெரிய நாய்க் கண்காட்சியில், இடைவேளையில் கூட்டத்துக்குப் பொழுது போக வேண்டும் என்று குதிரைப் பந்தயத் தாண்டலைப் பார்த்து ஆரம்பித்த விளையாட்டு அது. குறுக்குக் கம்பைத் தாண்ட வேண்டும், துணிக் குழாய்க்குள் நுழைந்து வெளியே வர வேண்டும், ஏற்றப் பலகையில் நடக்க வேண்டும், நட்டு வைத்த குச்சிகளுக்கு இடையே பாம்பு மாதிரி வளைந்து ஓட வேண்டும். கம்பைத் தட்டிவிட்டால் மதிப்பெண் போச்சு. கூட ஓடுகிறவர் நாயைத் தொடவே கூடாது. வாய்ச் சொல்லும் கை சாடையும் மட்டும்தான்.

"நமக்கு எதுக்குங்க இது?" என்று கேட்பீர்கள். தொடாமல், அடிக்காமல், கயிறு இல்லாமல் ஒரு நாய் சொன்னதைக் கேட்கிறது பாருங்கள், அந்த வித்தைதான் நமக்கு வேண்டியது. வெளிநாட்டு நாய்க்குத்தான் அந்த அறிவு என்றும் நினைக்காதீர்கள். 2024-ஆம் ஆண்டின் அகில இந்திய காவல் பணித்திறன் போட்டியில் எல்லைப் பாதுகாப்புப் படையின் ரியா என்ற முதோல் நாய் வெளிநாட்டு இனங்களை முந்தி முதலிடம் பெற்றது. முதோல் நம் பக்கத்து மாநிலமான கர்நாடகத்து நாட்டு நாய். நம்முடைய ராஜபாளையம் நாய்க்கு 2005-லேயே தபால் தலை வெளியிட்டார்கள். (வெள்ளை ராஜபாளையம் குட்டி வாங்குகிறவர்கள் பின்னால் நின்று கைதட்டிப் பாருங்கள். சிலதுக்குக் காது கேட்காது.)

குட்டி பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து மூன்றரை மாதம் வரை பார்க்கிறதெல்லாம் அதன் மனதில் பதியும். ஆடு, கோழி, குழந்தை, மோட்டார் சத்தம் எல்லாவற்றையும் அந்த வயதிலேயே பயமில்லாமல் காட்டிவிட வேண்டும். தாயிடமிருந்து இரண்டு மாதத்துக்கு முன்னால் பிரிக்காதீர்கள்.

முதல் பாடம் "வா". கையில் ஒரு துண்டு அவித்த முட்டையோ கருவாடோ வைத்துக்கொண்டு, பெயர் சொல்லி "வா" என்று ஒரே தரம் கூப்பிடுங்கள். வந்த நொடியே கொடுங்கள். அடுப்பைப் பார்த்துவிட்டு வந்து கொடுத்தால் எதற்குக் கொடுத்தோம் என்று அதற்குத் தெரியாது. ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், நாளைக்கு இரண்டு மூன்று தடவை போதும். வெயில் ஏறுவதற்கு முன்னால் செய்யுங்கள். தார் ரோட்டில் உங்கள் புறங்கையை வைக்க முடியவில்லை என்றால் அதன் பாதமும் தாங்காது.

இதை எழுதுகிற நானும் தப்பு செய்தவள்தான். என் வீட்டு நாய் கோழிக்குஞ்சைக் கடித்துவிட்டது. கோபத்தில் "வா வா" என்று கூப்பிட்டு, வந்ததும் விளக்குமாற்றால் அடித்தேன். மறுநாளும் அப்படியே. அதிலிருந்து நான் கூப்பிட்டாலே அது எட்டிப் போய் நிற்கும். ஒரு நாள் ரோட்டில் நின்றது, சிமெண்ட் லாரி வந்தது. கத்திக் கூப்பிட்டேன். அது இன்னும் இரண்டடி பின்னால், லாரி வரும் பக்கமாகவே போனது. வந்தால் அடி விழும் என்று நான்தானே கற்றுக் கொடுத்திருந்தேன்.

இப்போது அந்த செந்துறை அக்காவின் கேள்வி. ஆட்டுக்குட்டி துள்ளி ஓடும்போது நாய்க்குட்டிக்கு விரட்டத் தோன்றும். விரட்டுவதே அதற்குக் கூலி, தனியாக நாம் தின்ன எதுவும் கொடுக்க வேண்டாம். ஆகவே ஒரு தடவைகூட விரட்ட விடக் கூடாது. ஆடு பட்டிக்குள் இருக்கட்டும், நாய் கயிற்றில் வெளியே இருக்கட்டும். ஆட்டைப் பார்த்துவிட்டு உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கும்போது தின்னக் கொடுங்கள். தினம் கொஞ்சம் கிட்டே போங்கள். வாரக்கணக்கில் ஆகும், அவசரப்படாதீர்கள். பெரிய நாயாகும் வரை ஆட்டுக்குட்டிகளோடு தனியே விட்டுப் போகாதீர்கள்.

பிள்ளைகளுக்கு ஆசை இருந்தால் முற்றத்திலேயே தடை விளையாட்டும் வைக்கலாம். இரண்டு பக்கமும் பிரித்த சாக்கு ஒரு குழாய். தரையில் போட்ட பலகை ஒரு பாலம். பருத்திமார் குச்சியை வரிசையாக நட்டால் வளைந்து ஓடும் பாதை. தாண்டும் கம்பு மட்டும் உங்கள் கணுக்கால் உயரத்துக்கு மேல் வேண்டாம். ஒரு வயது, பெரிய இனமென்றால் ஒன்றரை வயது வரை எலும்பின் முனைகள் இளசாக இருக்கும், உயரக் குதித்தால் கால் கோணிப்போகும். சர்வதேசப் போட்டியிலேயே 18 மாதம் ஆகாத நாயைச் சேர்ப்பதில்லை.

சாப்பாட்டில் ஒரு எச்சரிக்கை. பெரம்பலூர் மாவட்டம் சின்ன வெங்காயத்துக்குப் பேர் போனது, நம் வீட்டில் வெங்காயம் இல்லாத குழம்பு கிடையாது. நாய்க்கு வெங்காயமும் பூண்டும் ஆகாது, ரத்தச் சிவப்பணுவை அழிக்கும். மிச்சக் குழம்பை ஊற்றாமல் வெறுஞ்சோறு, கம்பங்கூழ், முட்டை, மோர் கொடுங்கள். வேகவைத்த கோழி எலும்பு உடைந்து குடலைக் குத்தும், அதுவும் வேண்டாம்.

எல்லாவற்றையும் விட முக்கியம் வெறிநோய்த் தடுப்பூசி. குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோய் முதல் ஊசி, டாக்டர் சொல்லும் தேதியில் அடுத்தது, பிறகு வருடா வருடம். குடற்புழு மருந்தும் அங்கேயே கேளுங்கள்.

பழக்கும்போது பல் பட்டு ரத்தம் வந்தால், "நம்ம குட்டிதானே" என்று விட்டுவிடாதீர்கள். ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, மஞ்சள் எதுவும் வைக்கக் கூடாது. அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையம் போக வேண்டும், ஊசி இலவசம். சொன்ன தேதிகள் அத்தனையும் போட்டு முடிக்க வேண்டும். ஒரு ஊசியோடு, "களை எடுக்க ஆள் இல்ல" என்று நின்றுவிடுகிறவர்கள் நம்மில் உண்டு. வெறிநோய் வெளியே தெரிந்த பிறகு பிழைப்பது அநேகமாக இல்லை.

நாய் வளர்க்கும் உறுப்பினர்கள் அடுத்த குழுக் கூட்டத்துக்கு நாயின் ஊசி அட்டையைக் கொண்டு வாருங்கள். அட்டை இல்லாதவர்கள் பெயரை ஊக்குநர் தீர்மான நோட்டில் எழுதி, எல்லோரையும் ஒரே நாளில் மருந்தகத்துக்கு அழைத்துப் போக ஏற்பாடு செய்யட்டும். ஒரு ஆட்டோ பிடித்தால் நாலு நாய் போகும், வாயைக் கட்டிக் கொண்டுவர மறக்காதீர்கள்.