முட்டி வலி மாத்திரை: அட்டையோட பின்பக்கத்தைப் படி

தங்கச்சி, அம்மாவுக்கு முட்டி வலின்னா மருந்துக்கடையில 'செட் மாத்திரை' வாங்கிக் கொடுக்கறதை முதல்ல நிறுத்து. கத்தரிக்கோலால அட்டையை வெட்டி, சின்னக் காகிதக் கவர்ல போட்டு, "காலையில ஒரு செட்டு, ராத்திரி ஒரு செட்டு"ன்னு நீட்டுவாங்க. உள்ள ஒரு ஆரஞ்சு, ஒரு வெள்ளை, ஒரு கேப்ஸ்யூல். வெட்டின துண்டுல பேர்ல பாதிதான் இருக்கும், காலாவதி தேதி வேற துண்டோட போயிருக்கும். நாளைக்கு அம்மாவுக்கு வயிறு எரிஞ்சா, என்ன சாப்பிட்டாங்கன்னு டாக்டர் கேட்டா உன்கிட்ட பதில் இருக்காது. டாக்டர் சீட்டைக் காட்டி வாங்கு, பேர் தெரியற அட்டையா கேளு. துண்டுதான் தருவேன்னா அங்கயே நின்னு முழு அட்டையை செல்போன்ல படம் எடுத்துக்கோ.

படிக்கவேண்டியது முன்னாடி கொட்டை எழுத்துல இருக்கற கம்பெனி பேரை இல்ல. பின்னாடி பொடி எழுத்துல இருக்கற மருந்தோட பேரை. டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென், நாப்ராக்ஸன், எட்டோரிகாக்சிப் எல்லாம் ஒரே குடும்பத்துப் பங்காளிங்க. இதுல ஒரு நேரத்துல ஒண்ணுதான். எலும்பு டாக்டர் முட்டிக்கு அசெக்ளோஃபெனாக் எழுதியிருப்பார். அதே வாரம் பல் பிடுங்கின இடத்துல ஐபுபுரூஃபென் கொடுத்திருப்பாங்க. வேற வேற டாக்டர், வேற வேற வலி, அதனால வேற மருந்துன்னு அம்மா ரெண்டையும் போட்டுக்குவாங்க. வலி அதனால கூடுதலா குறையாது, வயித்துக்கும் கிட்னிக்கும் கெடுதல்தான் கூடும். கிளினிக்ல போடற வலி ஊசியும் பெரும்பாலும் இதே டைக்ளோஃபெனாக்தான். ஊசி போட்ட அன்னிக்கு மாத்திரை வேணுமான்னு கேட்டுட்டுப் போடு.

இன்னொண்ணு. இந்த மாத்திரைகள்ல நிறைய கலவை. காம்பிஃப்ளாம்ல ஐபுபுரூஃபென் 400 மில்லிகிராமோட பாராசிட்டமால் 325 சேர்ந்திருக்கு. அசெக்ளோஃபெனாக் பேருக்குப் பின்னாடி 'பி'ன்னு ஒரு எழுத்து ஒட்டியிருந்தா அதுலயும் பாராசிட்டமால் இருக்கும். அதுக்கு மேல காய்ச்சலுக்குன்னு அதே பாராசிட்டமால் இருக்கற டோலோ 650 போட்டா, கணக்கு தெரியாமலே ஏறும். பெரியவங்களுக்கு பாராசிட்டமால் ஒரு நாளைக்கு 4 கிராம்தான் உச்சம். வயசானவங்க, ஒல்லியா இருக்கறவங்க, ஈரல் கோளாறு உள்ளவங்களுக்கு அதுக்கும் கீழதான்.

சாப்பிட்டுட்டு மாத்திரை போட்டா வயிறு கெடாதுன்னு நம்மள்ல பலபேர் நம்பறோம். எரிச்சல் குறையும், அவ்வளவுதான். இந்த மருந்துங்க வலியையும் வீக்கத்தையும் உண்டாக்கற புரோஸ்டாகிளாண்டின்ங்கற பொருளை உடம்பு தயாரிக்கறதைத் தடுக்குது. அதே பொருள்தான் இரைப்பையோட உள்தோலைக் காப்பாத்துது, கிட்னிக்குப் போற ரத்தத்தையும் சீரா வெச்சிருக்குது. அதனால வாய் வழியா போனாலும் ஊசி வழியா போனாலும் புண்ணு வர வழி இருக்கு. 60 வயசுக்கு மேல, ஏற்கெனவே அல்சர் வந்தவங்க, ஸ்டீராய்டு சாப்பிடறவங்க எல்லாரும் வலி மாத்திரை எழுதறப்பவே டாக்டர்கிட்ட, "வயித்துக்கு ஏதாவது சேர்த்துத் தரணுமா?"ன்னு கேக்கணும். பான்டோபிரசோல், ஒமிபிரசோல் மாதிரி மருந்து இரைப்பையைக் காக்கும். கிட்னியைக் காக்காது. இதை அழுத்திச் சொல்றேன்.

ஏன்னா நம்ம வீட்டுப் பெரியவங்கள்ல பலபேருக்கு முட்டி வலியோட பி.பி.யும் சுகரும் இருக்கு. டெல்மிசார்டன் இருக்கற பி.பி. மாத்திரை, கூடவே நீர் பிரியறதுக்கான மாத்திரை (சில அட்டையில ரெண்டும் ஒரே மாத்திரையிலயே இருக்கும், ஹைட்ரோகுளோரோதயசைடுன்னு எழுதியிருக்கும்), அதோட வலி மாத்திரை. இந்த மூணும் சேர்ந்தா கிட்னி திடீர்னு சுருண்டுடலாம். சித்திரை வெயில்ல தண்ணி குடிக்காம இருக்கறப்போ, வாந்தி பேதி ஆகறப்போ, தண்ணிகூடக் குடிக்காம விரதம் இருக்கற நாள்ல ஆபத்து இன்னும் அதிகம். அந்த நாள்ல வலி மாத்திரை வேண்டவே வேண்டாம். சுகர், பி.பி. உள்ளவங்க வலி மாத்திரை தொடர்ந்து சாப்பிடற நிலைமைன்னா கிட்னி நிலையைக் காட்டற கிரியாட்டினினை ரத்தத்துல பாக்கச் சொல்லு. நல்லா இருந்த பி.பி. காரணமில்லாம ஏறினாலும், கால் வீங்கினாலும், பி.பி. மருந்தைக் கூட்டறதுக்கு முன்னாடி வலி மாத்திரை சாப்பிடற விஷயத்தை டாக்டர்கிட்ட சொல்லிடு. பெரும்பாலும் அதைச் சொல்ல மறந்துடறோம். நம்ம கணக்குல அது மருந்தே இல்ல, 'வலிக்குப் போட்டுக்கறது'.

அப்பா மாதிரி ஹார்ட்டுக்கு ஆஸ்பிரின் 75, குளோபிடோகிரெல், ரத்தம் உறையாம இருக்க மருந்து சாப்பிடறவங்களுக்கு வலி மாத்திரையால ரத்தக்கசிவு பயம் அதிகம். ஐபுபுரூஃபென் அந்த ஆஸ்பிரினோட வேலையையே கெடுத்துடும். வயித்துக்கு இதமா இருக்கும்னு கொண்டாடின ரோஃபிகாக்சிப்ங்கற இதே குடும்பத்து மாத்திரை, மாரடைப்பு ஆபத்து தெரிஞ்சதால 2004ல உலகம் பூரா கடையை விட்டுப் போச்சு. அதனால இதய நோயாளிங்க இருக்கற வீட்டுல இந்தக் குடும்பத்து மாத்திரை எதையும் சொந்த முடிவுல எடுக்கக்கூடாது.

வயசானதால வர முட்டித் தேய்மானத்துக்கு முதல்ல மாத்திரை தேவையில்ல. டைக்ளோஃபெனாக் ஜெல் இருக்கு. மேல தடவறதுல ரத்தத்துல கலக்கற அளவு ரொம்பக் குறைவு. ஆனா கொஞ்சமா தொட்டு வெச்சுட்டு "கேக்கலை"ன்னு சொல்லாதே. டாக்டரோ அட்டையோ சொல்ற அளவை முட்டியைச் சுத்தி நாலு பக்கமும் தடவி, சில நாள் தொடர்ந்து பாரு. தடவின இடத்து மேல வெந்நீர் ஒத்தடம் வேண்டாம், புண்ணு இருக்கற தோல்ல போடவேண்டாம், கையைக் கழுவிட்டுத்தான் கண்ணைத் தொடணும். தொடைத் தசைக்கு உண்டான பயிற்சியும் இதோட நடக்கணும்: காலை நீட்டி உக்காந்து, முட்டிக்கு அடியில துண்டைச் சுருட்டி வெச்சு, அதை அஞ்சு விநாடி அழுத்தி விடறது. டி.வி. பாத்துக்கிட்டே செய்யலாம்.

மாத்திரைதான் வேணும்னு ஆகிட்டா, டாக்டர் சொன்ன அளவுல குறைஞ்சதை, குறைஞ்ச நாளுக்கு. 'எஸ்.ஆர்.'னு போட்ட மாத்திரையை உடைக்கக்கூடாது. ஆஸ்துமா உள்ளவங்க அதைச் சொல்லணும், சிலருக்கு இந்த மருந்து மூச்சைப் பிடிக்கும். நீ மாசமா இருந்தா, குறிப்பா 20 வாரத்துக்கு மேல, இது எதுவும் கூடாது. குழந்தையோட கிட்னியைப் பாதிக்கும்.

காய்ச்சலோட மூட்டு வலி வந்தா இன்னும் உஷாரா இரு. 2006ல சிக்குன்குன்யா நம்ம ஊர்ல எத்தனை பேரை நடக்கவிடாம போட்டுச்சுன்னு உனக்கு நினைவிருக்கும். ஆரம்பத்துல அதுவும் டெங்குவும் ஒரே மாதிரிதான் தெரியும். டெங்கு இல்லன்னு தெரியறவரைக்கும் பாராசிட்டமால் மட்டும்தான். இந்த வலி மாத்திரைங்க ரத்தக்கசிவைக் கூட்டும்.

மூட்டு வலிக்கு மூணே நாள்ல குணம்னு பஸ் ஸ்டாண்டுல விக்கற பேர் தெரியாத பொடியை அத்தை வாங்கிட்டு வந்தா, கோவிச்சுக்கிட்டாலும் பரவாயில்ல, தடுத்துடு. அப்படிப்பட்ட பொடிகள்ல ஸ்டீராய்டும் வலி மருந்தும் கலந்து பிடிபட்டிருக்கு.

மலம் தார் மாதிரி கறுப்பா போனா, வாந்தியில ரத்தமோ காப்பிப்பொடி மாதிரியோ தெரிஞ்சா, ஒண்ணுக்குப் போறது குறைஞ்சா, நெஞ்சு வலிச்சா, மாத்திரையை நிறுத்திட்டு அட்டையோட ஆஸ்பத்திரிக்குப் போ. காலையில எழுந்ததும் விரல் மூட்டுங்க அரைமணி நேரத்துக்கு மேல மடக்க முடியாம இறுகிக் கிடந்தா அது தேய்மானமா இருக்காது, முடக்குவாதமா இருக்கலாம். அதுக்கு வேற மருந்து இருக்கு. வலி மாத்திரையால தள்ளிப்போட்டா மூட்டு கோணிடும். ஒரே ஒரு மூட்டு மட்டும் சிவந்து, தொட்டா கொதிச்சு, காய்ச்சலும் இருந்தா காலையில பாத்துக்கலாம்னு வீட்டுல இருக்காதே, அன்னிக்கே காட்டு.